எல்லைக் கல்லைத் தாண்டிய பெக்கோ

பிரதேச சபைகளுக்குப் புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் தம்பி தங்கைகளே, போன மழைக்காலத்தில் உங்களில் ஒருத்தி என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டாள். நான் ஒரே வார்த்தையில் பதில் சொன்னேன். "அவ்வளவுதானா மிஸ்?" என்றாள். பாதையோரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றவளிடம் அதற்கு மேல் என்ன சொல்வது? அப்போது சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அவள் கேட்ட கேள்வி என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் நான். உள்ளூராட்சிச் சேவையில் எழுதுநராகச் சேர்ந்து, ஹட்டன் பக்கத்துப் பிரதேச சபை ஒன்றில் செயலாளராக ஓய்வு பெற்றேன். எந்தச் சபை என்று எழுதவில்லை. அந்தக் கடைத்தெருவுக்குத்தான் நான் இன்றும் மரக்கறி வாங்கப் போகிறேன். வரவு செலவுத் திட்டம் தயாரிப்பது எப்படி, சோலைவரி அறவிடுவது எப்படி என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்குச் சுற்றறிக்கைகள் இருக்கின்றன, அவற்றை விளக்கப் பயிற்சி வகுப்புகள் இருக்கின்றன, அந்த வகுப்புகளில் நல்ல சாப்பாடும் இருக்கிறது. எந்தச் சுற்றறிக்கையும் கைகொடுக்காத ஒரு நாள் உங்கள் எல்லாருக்கும் வரும். எனக்கு வந்தது. அன்றைக்கு நான் செய்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிமிர்கிறது. தற்பெருமை என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். ஓய்வூதியக்காரிக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

இன்று நீங்கள் தோட்டத்துப் பாதைக்குச் சபைப் பணத்தில் கொங்கிரீட் போடுகிறீர்கள். லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் இழுக்கிறீர்கள். திறப்பு விழாவில் நாடா வெட்டுவது யார் என்பதில்தான் உங்களுக்குச் சண்டை. எங்கள் காலத்தில் அப்படி இல்லை. தோட்டம் என்றால் கம்பெனியின் பொறுப்பில் உள்ள நிலம். லயம், பாதை, தண்ணீர் ஓடும் கான், மதகு எல்லாம் அதற்குள் அடக்கம். தோட்டத்து எல்லைக்குள் சபை தன் பணத்தைச் செலவழிக்கச் சட்டத்தில் இடமில்லை. நிர்வாகம் சம்மதித்தால் ஏதாவது செய்யலாம் என்று ஒரு சந்து இருந்தது. ஆனால் சம்மதம் கேட்டுப் போனால் தோட்ட முகாமையாளரான தொர கிளாக்கரைக் காட்டுவார், கிளாக்கர் கொழும்பைக் காட்டுவார். இத்தனைக்கும், எங்கள் சபைக்கு ஓட்டுப் போட்டு உறுப்பினர்களை அனுப்பியவர்களில் பெரும்பாலானவர்கள் அந்த எல்லைக்குள்தான் குடியிருந்தார்கள்.

நான் பிரதம எழுதுநராக அந்தச் சபைக்குப் போன முதல் மழைக்காலத்தில் இந்தச் சட்டத்தைக் கண்ணாலேயே பார்த்தேன். கடைத்தெருவிலிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டி எங்கள் சபைப் பாதை ஒன்று மேலே ஏறும். ஓரிடத்தில் ஒரு கருங்கல் நட்டிருக்கும். அந்தக் கல்லோடு சபைப் பாதை முடிந்து தோட்டப் பாதை தொடங்கும். தோட்டப் பாதை மேற்கணக்குக்குப் போகும். தோட்டத்தின் பிரிவுகளை எங்கள் பக்கத்தில் கணக்கு என்போம். மேலே இருக்கும் பிரிவு மேற்கணக்கு. அந்த வருடம் மண் சரிந்து, கல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பாதையை மூடிவிட்டது. அப்போதைய செயலாளர் சபையின் பெக்கோ இயந்திரத்தை அனுப்பினார். ஓட்டுநர் சுனில் கல் வரைக்கும் மண்ணை வாரிக் கொட்டினார். பிறகு இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

நான் போய்ப் பார்த்தேன். கத்தி வைத்து வெட்டிய கேக் மாதிரி மீதி மண் அப்படியே நின்றது. மேற்கணக்குச் சனங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி, பிள்ளைகளையும் அரிசி மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு அதன் மேல் ஏறி அந்தப் பக்கம் போனார்கள். தோட்டம் ஆள் போட்டு அதை அள்ளி முடிக்கப் பல மாதங்கள் பிடித்தது. அதற்குள் அந்த இடத்துக்கு அரமண்ணு, அதாவது அரை மண், என்று பெயர் விழுந்துவிட்டது. பஸ் கண்டக்டரே "அரமண்ணு எறக்கம்!" என்று கூவ ஆரம்பித்தார்.

செயலாளரிடம் கேட்டேன். "சேர், ஒரு மணித்தியால வேலை. மீதியையும் அள்ளியிருக்கக் கூடாதா?"

"அம்மா, சட்டம் அந்தக் கல்லோட முடியுது. அதுக்கு அங்கிட்டு ஒரு வாளி மண்ணு அள்ளினாலும் கணக்குப் பாக்க வர்ற ஓடிட்டர் என்கிட்டதான் கேப்பாரு. நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?" என்றார்.

அவர் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு இந்த உத்தியோகத்தில் ஏதாவது தெரியும் என்றால் முக்கால்வாசி அவரிடம் கற்றது. ஒரு ரூபாய்கூடப் பிசகாமல் சபையை நடத்தியவர். நேர்மையான மனிதர், சபை வாகனத்தில் சொந்த மனைவியைக்கூட ஏற்றியதில்லை. அப்படிப்பட்டவர்தான் பாதையைப் பாதியில் விட்டார். உங்களில் மிக நேர்மையானவர்கள்தான் இந்தத் தவறைச் செய்வீர்கள். திருடுகிறவனுக்கு எல்லைக் கல்லைப் பற்றி என்ன கவலை?

அவர் ஓய்வு பெற்றுப் போனார். சில வருடங்கள் கழித்து அவருடைய நாற்காலிக்கு நான் வந்தேன். லயத்துப் பிள்ளை செயலாளராகிவிட்டாள் என்று சிலருக்குச் சந்தோஷம், சிலருக்கு வயிற்றெரிச்சல். இரண்டையும் நான் கண்டுகொள்ளவில்லை.

அந்த வருடம் தென்மேல் பருவமழை வழக்கத்தைவிட மோசமாக இருந்தது. ஒரு காலைப்பொழுது, ஆற்றுப் பாலத்துக்கு மேலே எங்கள் பாதையில் விழுந்த மண்ணை சுனில் அள்ளிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது செல்வராணி என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். செல்வராணி எங்கள் சபையின் உறுப்பினர், அந்தச் சபையிலேயே ஒரே பெண். மேற்கணக்கில் கொழுந்து பறித்தவர், சங்கத்துக் கூட்டங்களில் பேசிப் பேசிச் சபைக்கு வந்தவர். சாதாரணமாகப் பேசினாலே பக்கத்து அறைக்குக் கேட்கும். அன்று குரல் அடைத்திருந்தது.

"மிஸ், இங்க மேக்கணக்குல மண்ணு சரிஞ்சு மதகு அடைபட்டுப் போச்சுங்க. ஒரு பெரிய பாறாங்கல்லு மதகு வாயில ஒக்காந்துக்கிச்சு. ஓடத் தண்ணி பூரா ரோட்டுக்கு மேப்பக்கமா தேங்கி ஏறிக்கிட்டே இருக்கு. ரோட்டு மேடு ஒடஞ்சா கீழ் லயம் மிஞ்சாதுங்க!"

எனக்கு அந்த இடம் தெரியும். பாதை ஓர் ஓடையைக் குறுக்கே கடக்கும் இடம். ஓடைத் தண்ணீர் பாதைக்கு அடியில் மதகு வழியாகப் போகும். மதகு அடைபட்டால் பாதை மேடே அணையாகி நிற்கும். வெறும் மண் அணை. அதற்கு நேர் கீழே நீளமான ஒரு லயமும், வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவும் இருந்தன.

"சனங்களை ஏத்திட்டீங்களா?"

"பிள்ளைகளையும் நடக்கக்கூடிய ஆளுகளையும் கோயிலுக்கு ஏத்திட்டோம். படுக்கையில கெடக்குறவங்களக் கம்பிளியில வச்சுத் தூக்கிக்கிட்டு இருக்காங்க. ஆம்பளைங்க மம்பட்டியோட மதகுல எறங்கி நோண்டுறாங்க மிஸ். அந்தக் கல்லு அசையல. மேடு ஒடஞ்சா மொதல்ல போறது அவுங்கதான். ஏறி வாங்கன்னா வர மாட்டேங்கிறாங்க, கீழ வீடு இருக்குல்ல!"

"நான் வாறேன்" என்று சொல்லி வைத்தேன். சுனிலைக் கூப்பிட்டேன். இயந்திரத்தோடு மேலே ஏறினோம். நான் ஜீப்பில் முன்னால், சுனில் பெக்கோவில் பின்னால். கல்லருகே வந்ததும் சுனில் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணாடிக் கதவைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"மிஸ், கல்லு" என்றார்.

இவ்வளவுதான் சொன்னார். அவர் சிங்களவர், தமிழ் கொஞ்சம்தான் வரும். ஆனால் அந்த இரண்டு வார்த்தையில் அரமண்ணு முழுவதும் இருந்தது.

சபைத் தலைவரான தவிசாளர் கொழும்பில் ஒரு கூட்டத்தில் இருந்தார், தொலைபேசியை எடுக்கவில்லை. தோட்ட முகாமையாளரைப் பிடித்தேன். அவர் நுவரெலியாவில் கம்பெனிக் கூட்டத்தில் இருந்தார். விசயத்தைச் சொன்னேன்.

"மேடம், எனக்கும் தகவல் வந்திச்சு. எங்க ஆளுக வேலை செய்றாங்க. ஒங்க மெஷின் உள்ள வந்தா நாளைக்கு அத சபை ரோடுன்னு எழுதிக்குவீங்க. ஹெட் ஒபிஸ்ல கேட்டுட்டுச் சொல்றேன்."

"எப்ப சொல்லுவீங்க?"

"கேட்டுட்டுச் சொல்றேன்."

மேலதிகாரி ஒருவரையும் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "மிஸ், நீங்க எனக்குக் கோல் எடுக்கவே இல்ல, சரியா?" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த மனிதரும் நிம்மதியாகவே ஓய்வு பெற்றார். இப்போது கண்டால் சிரிப்பார், நானும் சிரிப்பேன்.

தொலைபேசியைக் கைப்பையில் போட்டுவிட்டு நின்றேன். பயமாக இருந்தது, மறைக்கவில்லை. எனக்கு அந்த வருடம் தர உயர்வு வரவிருந்தது. மகள் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள், வீட்டில் ஒரே சம்பளம் என்னுடையது. அதைவிடப் பெரிய பயம் வேறொன்று. இயந்திரத்தை அனுப்பினால், "தன்னோட ஆளுகளுக்காக சபைச் சொத்தக் கொண்டு போனா" என்பார்கள். வேறு யாராவது செயலாளராக இருந்தால் அவசரத்தில் செய்த வேலை என்று பெயராகும். நான் செய்தால் சாதிசனத்துக்குச் செய்த வேலை என்றாகும். இத்தனை வருடம் நான் காப்பாற்றிய பெயர் அந்த ஒரு கல்லில் வந்து நின்றது.

அப்போது மேற்கணக்குச் சனங்கள் சிலரோடு செல்வராணி மேலேயிருந்து ஓடி வந்தார். சேலை முழங்கால் வரை சேறு. காலில் அட்டை கடித்து இரத்தம் வழிந்தது, அதைக் கவனிக்கவே இல்லை. நின்ற இயந்திரத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடைத்த குரல் எங்கிருந்து திரும்பி வந்ததோ தெரியாது.

"ஏன் நிக்கிறீங்க? கல்லுக்காகவா? எலெக்சனுக்கு ஓட்டுப் பொட்டி இந்த ரோட்டுலதானுங்க வந்துச்சு! மேக்கணக்குப் பள்ளிக்கொடத்துலதான வச்சு ஓட்டுப் போட்டோம்? அன்னிக்கி எந்தக் கல்லும் ஒங்க கண்ணுக்குத் தெரியலையே மிஸ்! ஓட்டுப் பொட்டி போன ரோட்டுல பெக்கோ போகாதா?"

இந்தக் கேள்வி எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. சட்டப் புத்தகத்திலும் இருந்திருக்காது.

சுனிலிடம் போனேன். அங்கே நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி, முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் சொன்னேன். "இந்த இயந்திரத்தைத் தோட்டத்துக்குள் கொண்டு போகச் சொல்வது செயலாளராகிய நான். ஓட்டுநருக்கு இதில் எந்தப் பொறுப்பும் இல்லை."

இதை நீங்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். துணிந்து ஒரு முடிவெடுப்பது பெரிய காரியமில்லை; ஆத்திரம் வந்தால் யாரும் துணிவார்கள். நாளைக்கு அந்த முடிவின் பாரம் உங்களுக்குக் கீழே இருப்பவரின் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விசாரணை என்று வந்தால் முதலில் மாட்டுவது ஓட்டுநரும் தொழிலாளியும்தான். கண்ஜாடையால் உத்தரவு கொடுக்கும் அதிகாரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உத்தரவை வாய்விட்டுச் சொல்லுங்கள், சாட்சிகளுக்கு முன்னால் சொல்லுங்கள்.

சுனில் இன்னும் தயங்கினார். "மிஸ், பொறகு மிஸ்ஸுக்கு ஏசுவாங்க தானே?"

"ஏசட்டும். நீங்க ஓட்டுங்க. நான் முன்னால நடக்கிறேன்."

ஜீப் அந்தச் சேற்றில் ஏறாது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு கல்லைத் தாண்டி நடந்தேன். பின்னால் பெக்கோ உறுமிக்கொண்டு வந்தது. செல்வராணி எனக்கு முன்னால் ஓடினார். அந்தப் பாதையில் நான் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். வாழ்க்கையிலேயே நிமிர்ந்து நடந்த நடை அதுதான்.

மதகருகே போனபோது தண்ணீர் பாதையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கீழே நின்ற ஆண்களை ஏறி வரச் செய்வதே பெரும்பாடாகிவிட்டது. இயந்திரத்தைக் கண்ட பிறகுதான் ஏறினார்கள். சுனில் மேட்டின் மேல் பாரம் ஏறாமல், ஓரமாகக் கெட்டியான இடத்தில் இயந்திரத்தை நிறுத்தி, அதன் கையை நீட்டிப் பாறாங்கல்லைப் பிடித்து இழுத்தார். அது வரவில்லை. மறுபடி இழுத்தார். பாதை மேட்டில் ஒரு வெடிப்பு ஓடியதைப் பார்த்தேன். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண் "மாரியாத்தா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் அவள் கையை இறுக்கிக்கொண்டேன். கல் புரண்டது. மதகுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சேறும் கிளைகளுமாகத் தண்ணீர் அந்தப் பக்கம் பீய்ச்சிக்கொண்டு, எப்போதும் போகும் ஓடை வழியாகவே இறங்கிப் போனது. மேடு நின்றது. லயமும் நின்றது. பிள்ளைக்காம்பராவின் பின்சுவர் மட்டும் கொஞ்சம் சரிந்தது.

செல்வராணி பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். சபைக் கூட்டங்களில் தவிசாளரையே நடுங்க வைத்தவர், குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன். மழை பெய்துகொண்டிருந்ததால் செயலாளரின் மரியாதை தப்பித்தது.

திரும்பி வரும்போது பாதையில் கிடந்த மண்ணையெல்லாம் சுனில் அள்ளிக்கொண்டே வந்தார். நான் சொல்லவில்லை. "போதும் சுனில், இறங்கிப் போவோம்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "இல்ல மிஸ். இந்தத் தடவ அரமண்ணு வைக்க ஏலாது" என்றார். அத்தனை வருடமும் அந்தப் பெயர் அவரை உறுத்திக்கொண்டிருந்தது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த சபைக் கூட்டத்தில் நான் எதிர்பார்த்தது நடந்தது. கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். "கடைக்காரங்க கட்டுற வரியில தோட்டத்துக்கு எதுக்கு டீசல் ஊத்தணும்? தோட்டத்து ஆளுக சபைக்கு வரி கட்டுறாங்களா? செயலாளர் தன்னோட ஆளுகன்னு பாத்து அனுப்பியிருக்காங்க" என்றார்.

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் செல்வராணி எழுந்துவிட்டார்.

"ஐயா, நாங்க வரி கட்டலைன்னு யாரு சொன்னா? சம்பளத்தன்னிக்கி நாங்க டவுனுக்கு எறங்கி வரலைன்னா ஒங்க கடைக்கு எதுக்குங்க ஷட்டரு? ஒங்க கடையில அரிசி வாங்குறதும் நாங்க, பருப்பு வாங்குறதும் நாங்க. அந்தக் காசுலதான நீங்க வரி கட்டுறீங்க? இன்னொண்ணும் கேக்குறேன். இந்தச் சபையில இத்தன நாக்காலி எப்புடிங்க வந்துச்சு? எங்க தலையையும் சேத்து எண்ணித்தான போட்டாங்க? எண்ணயில நாங்க உள்ள, மண்ணு விழுகயில நாங்க வெளியவா?"

தவிசாளர் ஜவுளிக் கடைக்காரர். தீபாவளி வியாபாரம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, அவசர நிலையில் செய்த வேலையைச் சபை ஏற்றுக்கொள்கிறது என்று பிரேரணையைத் தானே முன்மொழிந்தார். பலசரக்குக் கடைக்காரரும் கை தூக்கினார். அந்த நேரத்தில் செயலாளராக எனக்குப் பேச உரிமையில்லை. பிரேரணையை ஒரு சொல் விடாமல் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

சபை ஏற்றுக்கொண்டால் மட்டும் போதுமா? கணக்காய்விலிருந்து வினா வந்தது. சபைக்கு அதிகாரமில்லாத நிலத்தில் சபையின் இயந்திரத்தை ஈடுபடுத்தியது ஏன், அந்தச் செலவை உத்தியோகத்தரிடமிருந்து ஏன் அறவிடக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். தர உயர்வு நின்றது.

விசயம் கேள்விப்பட்டு என் பழைய செயலாளர் பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டார். கதவைத் திறந்ததும் ஏச ஆரம்பித்தார். "பைத்தியமா ஒங்களுக்கு? எத்தன தடவ சொன்னேன், சட்டம் கல்லோட முடியுதுன்னு!" ஏசி முடிக்கும் மட்டும் நான் தேத்தண்ணி ஊற்றினேன். குடித்து முடித்ததும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "சரி, பேப்பர் கொண்டாங்க. பதில் எழுதுவோம்" என்று உட்கார்ந்தார்.

அன்றைக்குத்தான் அவருடைய மூளையின் முழு அழகையும் பார்த்தேன். "மேடு ஒடஞ்சிருந்தா தண்ணி லயத்தோட நின்னிருக்குமா? அப்புடியே எறங்கி எங்க வந்திருக்கும்?" என்று கேட்டார். ஆற்றுப் பாலத்துக்கு என்றேன். "பாலம் யாரோடது?" சபையுடையது. "அப்ப நீங்க காப்பாத்தினது சபையோட பாலம். அத எழுதுங்க." எனக்கு அந்த நேரத்தில் பாலம் நினைவிலேயே இல்லை என்றேன். "நெனவுல இருந்துச்சான்னு ஓடிட்டர் கேக்கல்ல. உண்மையா இல்லையான்னுதான் கேப்பாரு. இது உண்மை" என்றார்.

அதை எழுதினேன். அதற்குக் கீழே நான் ஒரு வரி சேர்த்தேன்: அந்தப் பாலத்தில் நடப்பவர்களையும் காப்பாற்றுவதற்காகவே இயந்திரம் அனுப்பப்பட்டது. அவர் பேனையால் அதை வெட்டினார். "உருக்கம் வேணாம்மா. லயத்துப் பிள்ளை, அதான் இப்புடி எழுதுறான்னு சொல்லுவாங்க." நான் திரும்ப எழுதினேன். மறுபடி வெட்டினார். "சேர், பாலத்துக்காக மட்டும் போனேன்னு எழுதினா நான் அந்தச் சனங்க முகத்துல எப்படி முழிக்கிறது? அந்த வரி இல்லாம கையெழுத்து வைக்க மாட்டேன்" என்றேன். அவர் பேனையை மூடி என் பக்கம் தள்ளினார்.

அந்த வரியோடுதான் பதில் போனது. அதற்கு விளக்கம் கேட்டார்கள், அனுப்பினேன். விளக்கத்துக்கு விளக்கம் கேட்டார்கள், அதையும் அனுப்பினேன். அது இழுபட்டுக்கொண்டிருக்கும்போதே சட்டம் மாறியது. சபைகள் தோட்டத்துக்குள்ளும் வேலை செய்யலாம் என்றாயிற்று. என்னால் மாறியது என்று சொல்ல நான் அவ்வளவு புளுகி இல்லை. எத்தனையோ பேர் எத்தனையோ இடத்தில் பேசிப் போராடிக் கொண்டுவந்த மாற்றம் அது. என் வினாவை யாரும் முடிக்கவும் இல்லை, மறுபடி எழுப்பவும் இல்லை. தர உயர்வு பிந்தித்தான் வந்தது, ஆனால் வந்தது.

இப்போது அந்தத் தொலைபேசி அழைப்புக்கு வருகிறேன். போன மழைக்காலத்தில் மேற்கணக்குப் பாதையைச் சபை அகலப்படுத்திக்கொண்டிருந்தது. உங்கள் கூட்டத்தைச் சேர்ந்த அந்தத் தங்கச்சி அங்கே பொறுப்பாக நின்றாள். பெயரைச் சொல்லிச் சங்கடப்படுத்த மாட்டேன்.

"மிஸ், நீங்க முந்தி இங்க செயலாளரா இருந்தவங்கதானே? ஒண்ணும் இல்ல மிஸ், இங்க ரோட்டோரத்துல ஒரு பழைய கருங்கல்லு நிக்குது. அத எடுத்தாத்தான் அகலம் காணும். சுனில் அண்ணன் பெக்கோவ நிப்பாட்டிட்டு எறங்கிட்டாரு. பழைய மிஸ் சொன்னாத்தான் அதுல கை வைப்பேங்கிறாரு. என்ன கல்லு மிஸ் இது? சாமிக் கல்லா?"

"எடுங்க" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் வந்தது.

தங்கச்சி, அது சாமிக் கல் இல்லை. ஆனால் நாங்கள் அத்தனை பேரும் அதைச் சாமி மாதிரி பயந்து வணங்கினோம். ஒரு நேர்மையான மனிதர் அதைத் தாண்டப் பயந்தார். ஒரு நல்ல தொழிலாளி அதன் முன்னால் இயந்திரத்தைத் திருப்பிவிட்டு வருடக்கணக்கில் வெட்கப்பட்டார். அது என்ன கல் என்றே தெரியாமல் நீ கேட்டாய் பார், அதைக் கேட்டபோது எனக்கு வந்த பெருமை எந்தத் தர உயர்விலும் வந்ததில்லை. அது தெரியாமலே நீ வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் நாங்கள் அன்று நடந்தோம்.

போன கிழமை மேற்கணக்குக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பஸ் இப்போது கோயிலடி வரைக்கும் போகிறது. கல் இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது, எந்த இடம் என்றுகூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. கண்டக்டர் சின்னப் பையன்தான், பழக்க தோஷத்தில் "அரமண்ணு எறக்கம்!" என்று கூவினான். யாரும் இறங்கவில்லை. பஸ் மேலே ஏறியது.